லாங் ஐலண்டின் பதில் வரும்வரை

கடந்த ஆண்டு மழைக்காலத்தில், அந்தமானின் போர்ட் பிளேரில் பொது மருத்துவ மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நான் இருந்தபோது நடந்தது இது. எங்களில் பாதிப் பேர் நகர மருத்துவமனையிலும், மற்றவர்கள் தீவுக்கு ஒருவராகவும் பணியில் இருந்தோம். கப்பல் ஓடினால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும். ஆகவே வியாழக்கிழமை மதியங்களில் இணையவழி வகுப்பு. அதை நடத்தும் பொறுப்பைத் துறைத் தலைவர் என்னிடம் ஒப்படைத்தார். பள்ளி நாளிலிருந்தே பேச்சு மேடைகளில் கோப்பை வாங்கியவன் நான். எந்த அவையையும் கட்டிப்போடத் தெரிந்தவன்.

முதல் வகுப்பில் எலிக்காய்ச்சலைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். ஐயம் உண்டா என்று கேட்டு நிறுத்தியபோது, திரையில் இருந்தவை கறுப்புக் கட்டங்கள் மட்டுமே. ஒரு கட்டத்திலிருந்து குக்கர் விசில் கேட்டது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. மாத இறுதியில் தாமே வந்து பார்ப்பதாகவும், அன்றும் இப்படியே இருந்தால் வகுப்பை நிறுத்திவிடுவதாகவும் துறைத் தலைவர் சொல்லிவிட்டார்.

அன்று மாலை லாங் ஐலண்ட் என்ற சிறு தீவிலிருந்து என் சீனியர் அக்கா அழைத்தார். அங்கே அவர் தனி மருத்துவர். இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்போடு அவருக்கு இருந்த ஒரே தொடர்பு இந்த வகுப்புதான்.

"நீ நல்லாத்தான் பேசுற தம்பி. ஆனா இங்க 'ஆகவே'ன்னு ஒரு தடவை கேக்குது, அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு 'எனவே'ன்னு கேக்குது. நடுவுல என்ன சொன்னேன்னு, சிக்னல் கிடைக்கிற இந்தப் படகுத்துறையில நின்னு யார்கிட்ட கேக்குறது? பேச்சை பந்த் கரோ, நிறுத்திடு. கேள்வியா அனுப்பு. எழுத்துன்னா எப்படியும் வந்து சேந்துரும்."

உரையை விட்டு விநாடி வினாவுக்கு மாறினேன். ஒரு நோயாளியின் நிலை, நான்கு விடைகள், ஓடும் கடிகாரம். கட்டங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அக்காவின் சரியான பதில்கள் எல்லாம் நேரம் முடிந்த பிறகே கரையேறின; பட்டியலில் அவருக்குக் கடைசி இடம். கடிகாரத்தை எடுத்துவிட்டுப் புதிய விதி ஒன்றை வைத்தேன்: கடைசித் தீவின் பதில் வரும்வரை விடையை யாரும் பார்க்க முடியாது.

துறைத் தலைவர் வந்த வியாழன், வெளியே கொட்டும் மழை. நான் கேட்ட கேள்வி இது: வலை இழுத்த மீனவர் ஒருவரைக் கடலில் ஏதோ கடித்திருக்கிறது. கடிவாயில் வலியில்லை, வீக்கமில்லை. சற்று நேரத்தில் உடலெங்கும் தசைவலி. சிறுநீர் கறுத்துப் போகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

பதில்கள் மளமளவென்று விழுந்தன. லாங் ஐலண்ட் மட்டும் வரவில்லை. காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் அது நடந்தது. பொறுமை இழந்த வங்காளி நண்பர் ஒருவர் மைக்கைத் திறந்து, விஷமுறிவு மருந்தைத் தவிர வேறென்ன என்றார். ஹேவ்லாக் தீவிலிருந்து ஒருவர் மறுத்தார். மூன்றாமவர் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச, நான்காமவர் அவரைக் கிண்டலடிக்க, கட்டத்துக்குக் கட்டம் முகங்கள் தெரியத் தொடங்கின. நான் வாயே திறக்கவில்லை.

கடைசியில் லாங் ஐலண்ட் வந்தது. பெரும்பாலோர் விஷமுறிவு மருந்தைத் தேர்ந்திருக்க, அக்கா இதயத்தையும் மூச்சையும் கவனிப்பதைத் தேர்ந்திருந்தார். காரணத்தையும் எழுதியிருந்தார்: நம் கையிலுள்ள விஷமுறிவு மருந்து தரைப் பாம்புகளுக்கானது, கடல் பாம்பின் விஷத்துக்கு அது கேட்காது; தசை சிதைந்து பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும்; ஆகவே உடனே ஈசிஜி எடுத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே, நகரத்துக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டருக்குச் சொல்ல வேண்டும்.

விடையைத் திறந்தேன். அக்கா சொன்னதே சரி.

துறைத் தலைவர் கேமராவைப் போட்டார். தஞ்சாவூர்க்காரர், சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

"அவசரத்துல நானும் விஷமுறிவைத்தான்பா தொட்டேன். அடுத்த வியாழன் கேள்வி நான் போடுறேன். லாங் ஐலண்ட் வர்றதுக்கு முன்னாடி விடையைத் திறந்துடாத."

வகுப்பு நின்றுபோகவில்லை, அக்கா இறுதித் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார். என் அலமாரியில் கோப்பைகள் வரிசையாக நிற்கின்றன. எனினும் என் வாழ்வின் மிகச் சிறந்த மேடை எதுவென்று யாரேனும் கேட்டால், ஒரு சொல்லும் பேசாமல் ஒரு தீவின் பதிலுக்காக நான் காத்திருந்த அந்த மழை மதியத்தைத்தான் தலைநிமிர்ந்து சொல்வேன்.