தண்ணி குடிச்ச வண்டி

ஈர மரம் நிழலில் காயும்போது எழும் நாற்றம் கொஞ்சம் அழுகிய வைக்கோலையும் கொஞ்சம் மீனையும் சேர்த்தாற்போல் இருக்கும். தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஐப்பசி வெள்ளம் வடிந்ததிலிருந்து தை பிறக்கும்வரை அந்த நாற்றம் போகாது. நாங்கள் உடுத்தும் பாவாடையிலும் உண்ணும் சோற்றிலும்கூட அது இருப்பதாகத் தோன்றும்.

என் தகப்பனார் வெள்ளத்தில் அடிபட்ட மாட்டுவண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு விற்றுவந்தார். தாமிரபரணி ஏதோ ஒரு துறையில் இழுத்துக்கொண்டுபோய் எங்கோ ஒரு புதரில் செருகிவிட்டுப் போன வண்டிகளை ஆற்றோரத்து ஆட்கள் கரையேற்றி வைத்திருப்பார்கள். அவற்றுக்கு எங்கள் வீட்டில் "தண்ணி குடிச்ச வண்டி" என்று பெயர். ஆசாரி வந்து இற்றுப்போன ஆரக்கால்களை மாற்றி, பொருத்துகளில் புகுந்த வண்டலைச் சுரண்டியெடுப்பார். பிறகு அப்பா தம் கையாலேயே வர்ணம் பூசுவார். வெயிலில் காயவைத்தால் மரம் வெடிக்கும் என்பதால் பொறுமையாக நிழலில் உலர்த்துவார். வேலையில் குறை வைக்கமாட்டார். ஆனால் வாங்க வருகிறவர்களிடம் மட்டும், அது ஆற்றைக் கண்ட வண்டி என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆள் செத்த வண்டியாக இருக்குமோ என்ற பயத்தில் யாரும் தொடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது வந்தது ஒரு கூண்டு வண்டி. பின்பலகையில் மயில் செதுக்கியிருந்தது. அப்பா அதற்குப் பச்சை வர்ணம் அடித்து, மயிலுக்கு மட்டும் நீலம் தீட்டினார். வள்ளியூரிலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி, மகளை மறுவீடு அனுப்ப நல்ல வண்டி வேண்டுமென்று வந்து, பார்த்தவுடன் அது பிடித்துப்போய் நின்றார்.

அவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பெண் தன் தம்பியுடன் கொல்லைக்குள் வந்தாள். இருபது வயதுக்கு மேல் இராது. கோடகநல்லூர்க்காரி, பெயர் ஆவுடையம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது. சந்தைக்கு வந்த தம்பி வேலிக்கு வெளியிலிருந்து அந்த மயிலைப் பார்த்துவிட்டுப் போய் அவளை அழைத்து வந்திருந்தான். அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே வண்டியின் பின்னால் போய், கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணால் பாராமலே மேல் மூங்கிலில் இருந்த இரும்பு வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குத் தொட்டில் கட்டுத வளையம்" என்றாள். "இது எங்க வண்டி அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக நாத்தனாள விட்டுட்டு வெறும் வண்டியா திரும்புகையில ஆத்துல போயிட்டாவ. மாடு கிடைச்சிது. அவுக கிடைக்கல."

அப்பா வள்ளியூர்க்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி எனக்கு வேண்டாம். எந்த இடத்துல கரை ஏறிச்சின்னு மட்டும் சொல்லுங்க. அங்கன போயித் தேடுதேன்."

வள்ளியூர்க்காரர் நிமிர்ந்து, "என்னவே, இந்தப் பிள்ள என்னமோ சொல்லுதா?" என்று கேட்டார்.

"இடம் மாறி வந்து நிக்கா வே" என்றார் அப்பா. "இது நாங்குநேரிப் பக்கம் ஒரு பெரிய வீட்டு வண்டி. ஆத்துத் தண்ணியப் பாத்ததே கிடையாது."

அவள் வளையத்திலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. தம்பிதான் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான். வள்ளியூர்க்காரர் மாடுகளைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போக, அப்பாவும் பேச்சுத்துணையாகச் சற்றுத் தூரம் கூடவே போனார்.

அடுக்களைச் சன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அம்மா, உலையை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அம்மா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தாயி, நில்லு! சீவலப்பேரிக்குக் கீழ, ஆறு வளையுத இடத்துல, தாழம்புதர்ல கிடந்துதாம். எங்க வீட்டுக்காரரு அங்கன போயித்தான் வாங்கிட்டு வந்தாரு."

ஆவுடையம்மாள் அம்மாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "நீங்களும் வாரீயளாக்கா? எனக்குப் பயமா இருக்கு."

அப்பாவிடம் சொல்லாமலே மூவரோடும் நானும் நடந்தேன். சீவலப்பேரி ஆற்றோரத்தில் இருந்தவர்கள் சொல்லச் சங்கடப்பட்டார்கள். வண்டி ஒதுங்கிய மறுநாள் ஓர் ஆளும் ஒதுங்கினாராம். தேடி யாரும் வராததால் மணல்மேட்டில் புதைத்துவிட்டார்களாம். அடையாளம் கேட்டபோது, இடது காது கிழிந்து ஒட்டியிருந்தது என்றார்கள்.

"அவுகதான்" என்றாள். அழவில்லை. மேட்டின்மேல் உட்கார்ந்து, தன் நெற்றிக் குங்குமத்தைத் தானே புறங்கையால் துடைத்தாள். அம்மாதான் அழுதாள்.

நாங்கள் திரும்பியபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா எதையும் மறைக்கவில்லை.

"இந்த வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமாட்டீ?" என்று கத்தினார்.

"அந்தப் பிள்ள நாளைக்குப் பொட்டு வைக்கணுமா வேண்டாமான்னு அதுக்குத் தெரியாண்டாமா?" என்றாள் அம்மா.

செய்தி ஆற்றைவிட வேகமாகப் போயிற்று. வள்ளியூர்க்காரர் வண்டியைக் கொண்டுவந்து கொல்லையில் விட்டுவிட்டு, மாடுகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனார். முன்பு வாங்கியவர்களும் வந்து கேட்டுச் சண்டையிட்டார்கள். அதற்குமேல் எங்களிடம் வண்டி வாங்க ஒருவரும் வரவில்லை. பச்சை வண்டியைக் கறையான் தின்றது. அப்பா தூத்துக்குடியில் பஞ்சு மூடைகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலைக்குப் போனார், விசேஷங்களுக்கு வருவார், அம்மாவோடு தேவைக்குமேல் பேசமாட்டார். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருமுறை, நான் கேளாமலே சொன்னார்: "உங்க அம்ம சொல்லாம இருந்திருந்தா, அந்தப் பிள்ள இன்னைக்கும் புருசன் வருவான்னு நெனச்சிக்கிட்டாவது இருந்திருக்கும்." வெகுகாலம் அதைக் கோபத்தில் சொன்ன சொல்லாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

இன்று அந்தக் கொல்லையில் வரிசையாக வீடுகள். கூண்டு வண்டியைக் காண்பதே அரிதாகிவிட்டது. எல்லாரும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போய்விடுகிறோம். அம்மாவும் அப்பாவும் இல்லை. சென்ற வருஷம் சீவலப்பேரிக்குப் போனபோது, ஆறு வளையும் இடத்தில் இறங்கித் தேடினேன். அங்கே மேடு இல்லை, தாழம்புதரும் இல்லை. பிந்திய ஒரு வெள்ளத்தில் கரையே அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், அந்த மேடு இருந்த இடம் எது என்று விசாரித்தேன். அவர் நீர் ஓடிக்கொண்டிருந்த நடு ஆற்றைக் கைகாட்டினார்.

"அங்கன எங்கயாவது இருக்கும்" என்றார்.