கிணற்றில் நீந்திப் பழகியவள்

காலை ஐந்தே முக்காலுக்கு மோகனாவின் புஜத்தில் கறுப்பு மையால் 114 என்று எழுதினார்கள். எழுதிய பெண், "மேடம், நம்பர் கோணலாப் போகுது. கொஞ்சம் ஆடாம வெச்சுக்குங்க" என்றாள். மோகனா மறு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் கடைசி 4 கோணலாகத்தான் விழுந்தது.

எதிரே கடல். மாமல்லபுரம் தாண்டி ஒரு குப்பத்துக் கரை. அலைகள் வந்து விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. நூற்றெண்பது பேர் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு மணலில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் கடல் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம். நாலரை மணி நேரத்துக்குள் மூன்றையும் முடிக்க வேண்டும். அதிலும் ஒரு மணி நேரத்துக்குள் கடலிலிருந்து கரையேறாவிட்டால் படகு வந்து தூக்கிவிடும். போன வருஷம் தூக்கிவிட்டது. அந்தப் படகின் விளிம்பைப் பிடித்தபடி அவள் அழுத அழுகை அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்!

"இன்னாமே, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சு? நாஷ்டா துன்னியா இல்லியா?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான் அவள் புருஷன் வெங்கடேசன்.

"ரெண்டு வாழப்பயம் துன்னேன். தொண்டையிலயே நிக்குது."

"இந்தா பாரு. இந்த வாட்டியும் போட்டுல ஏத்திக்கினு வந்தாங்க, நான் வண்டிய எட்த்துக்கினு வூட்டுக்குப் பூடுவேன். நீ பஸ்ஸப் புடிச்சு வந்துக்கோ."

"போய்க்கோயேன். உன்ன எவன் கூப்ட்டான்?"

சொல்லிவிட்டு இரண்டு பேருமே வேறு பக்கம் பார்த்தார்கள். போன வருஷம் ஊர் திரும்பும் வழியெல்லாம் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தவன் அவன். அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில் தபால் பட்டுவாடா செய்பவள் மோகனா. வயது முப்பத்தொன்பது. அவள் வாழ்க்கையை நான் எப்படிச் சொல்வேன்! எடுத்த எதையும் அவள் முடித்ததே இல்லை. விதி முடிக்க விட்டதே இல்லை என்பதுதான் சரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓட்டப்பந்தயத்துக்கு மாவட்ட அணியில் பெயர் வந்தது. போகிற அன்றைக்கு அப்பாவை மாடு முட்டிவிட்டது. நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தாள். இரண்டாம் வருஷம் பாதியில் கல்யாணம் பேசிவிட்டார்கள். டைப்ரைட்டிங்கில் கீழ்நிலை தேறினாள், மேல்நிலைக்குப் போகும்போது வயிற்றில் மகள் திவ்யா. ஸ்கூட்டர் லைசென்ஸுக்குக்கூட எட்டுப் போடப் போய், பாதி எட்டில் மழை கொட்டி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் சாந்தினி ஒரு நாள், "எங்க அண்ணி பொங்கல் வெச்சாகூட பாதியில கேஸ் தீந்துபூடும்" என்று சொல்ல, வீடே சிரித்தது. மோகனாவும்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் முள்ளாக நின்றுபோனதை யார் பார்த்தார்கள்?

இந்த மூன்று பந்தயத்துக்கும் சேர்ந்து பழகும் உத்திரமேரூர் கிளப்பில் அவளைச் சேர்த்தவர் லோகநாதன். மின்வாரியத்தில் லைன்மேன், கிளப்புக்குக் கேப்டன். ஒரு நாள் அவர் விலை உயர்ந்த ரேஸ் சைக்கிளில் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு போக, எதிர்காற்றில், தபால் பையோடு, சேலை கட்டிய ஒரு பெண் மணி அடித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனாள். மனிதர் அங்கேயே சைக்கிளை நிறுத்திவிட்டார். மறுநாள் வீடு தேடி வந்துவிட்டார்.

சைக்கிள் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஓட்டம் ரத்தத்திலேயே இருந்தது. நீச்சல்தான் எமனாக நின்றது. இந்த வருஷம் ஏரியும் சித்திரையிலேயே வற்றிவிட, கிளப்காரர்கள் பழக இடம் இல்லாமல் தவித்தார்கள். கடைசியில் காவாந்தண்டலத்து விவசாயி வேதாசலம் தன் வட்டக் கிணற்றைக் கொடுத்தார். பெரிய கிணறு. நாற்பது சுற்று சுற்றினால் ஒன்றரைக் கிலோமீட்டர் என்று லோகநாதன் கயிறு போட்டு அளந்து சொன்னார்.

முதல் நாள் டிராக்டர் மெக்கானிக் ஏழுமலை குதித்து, இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான். மேலே நின்ற வேதாசலம் போட்ட சத்தத்தில் கிணற்றுப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

"டேய்! இடமா சுத்தறியே, அது இன்னா பயக்கம்? கன்னிமாரு குடியிருக்கற கெணறுடா இது. கோயில சுத்தற மாரி வலமா சுத்து. இல்லன்னா ஏறி வூட்டுக்குப் போ!"

அன்றிலிருந்து நாலு மாசம், மூன்று பேரும் வலமாகவே சுற்றினார்கள். கேப்டன் முன்னால், ஏழுமலை நடுவில், மோகனா கடைசியில். ஒரு நாள்கூட யாரும் மாற்றிச் சுற்றவில்லை. மோகனாவின் நேரம் எழுபது நிமிஷத்திலிருந்து ஐம்பத்தாறுக்கு வந்துவிட்டது! அன்று வேதாசலம் அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இதோ, ஹாரன் அடித்துவிட்டது.

நூற்றெண்பது பேரும் கத்திக்கொண்டு கடலுக்குள் ஓடினார்கள். முதல் அலை மோகனாவைப் புரட்டிப் போட்டது. இரண்டாவது அலைக்கு அடியில் புகுந்து வந்தாள். மூன்றாவதைத் தாண்டியதும் கடல் தொட்டில் மாதிரி ஆடியது. அதற்குள் கூட்டம் முன்னால் போய்விட்டது. "என் காலையே பாத்துக்கினு வா. மிதவையத் தேடித் தலையத் தூக்காத, இடுப்பு எறங்கிடும்" என்று கேப்டன் சொல்லியிருந்தார். முன்னால் ஏழுமலையின் கால்கள் நுரை கிளப்பின. அந்த நுரையைப் பிடித்துக்கொண்டு நீந்தினாள். கரையிலிருந்து நேராக ஐந்நூறு மீட்டரில் ஒரு ஆரஞ்சு மிதவை. அதைச் சுற்றி இடப்பக்கம் திரும்ப வேண்டும். எத்தனை நேரம் போனாள் என்று தெரியாது. கை சுகமாக விழுந்தது. மூச்சு தாளத்துக்கு வந்தது. 'நான் நீந்துகிறேன், கடலில் நீந்துகிறேன்' என்று உள்ளம் துள்ளியது!

அப்போது ஒரு வாய் உப்புத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது. இருமிக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

முன்னால் மிதவை இல்லை.

முன்னால் ஒன்றுமே இல்லை. வானமும் தண்ணீரும்தான். திகைத்துப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். எங்கோ இடப்பக்கம், தொலைவில், ஆரஞ்சு மிதவை ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் தொப்பிகள் எல்லாம் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மூன்றே தொப்பிகள். கேப்டன், ஏழுமலை, அவள்.

துடுப்புப் படகில் காவலுக்கு நின்ற மீனவர் ஒருவர் அவசரமாகத் துழாவிக்கொண்டு வந்தார். "அக்கா! எங்க போற? பாண்டிச்சேரி போறதுன்னா பஸ்ஸு கீதுக்கா!"

பளிச்சென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கிணறு! நாலு மாசம் வலமாகவே சுற்றிச் சுற்றி, உடம்பு வலப்பக்கமே வளைந்துவிட்டது. நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரும் கடலில் பெரிய கிணறு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்!

கைக்கடிகாரம் பதினைந்து நிமிஷம் என்றது. கேப்டன் பின்னால் போனால் படகுதான். தனியாகத் திரும்பினால், அந்த இரண்டு பேரும்? அவர்கள் தலையைத் தூக்கவே மாட்டார்கள். அது கேப்டன் போட்ட சட்டம்!

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினாள். பத்து வருஷமாக வயல் தாண்டி, நாய் தாண்டி, பம்ப்செட் சத்தம் தாண்டிக் கூப்பிட்ட அந்தக் குரல், பழக்கதோஷத்தில் வாயில் வந்ததையே கத்தியது.

"சார்! போஸ்ட்!"

ஏழுமலை சட்டென்று நின்று திரும்பினான். படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகே ஒரு பக்கம் சாய்ந்தது.

"இன்னாக்கா? நடுக் கடல்ல யாருக்கு லெட்டரு?" என்று கத்தினான் ஏழுமலை.

"உனக்குத்தான்டா! கெணறு சுத்திக்கினு கீறோம்டா! எடது பக்கம் பாரு! கேப்டன் காலப் புடிச்சு இயுடா!"

ஏழுமலை பார்த்தான். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. உடனே கேப்டனை நோக்கிப் பாய்ந்தான். மோகனா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. இடப்பக்கம் திரும்பிவிட்டாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கு முன்னால் யாருடைய காலும் இல்லை.

பத்து வீச்சுக்கு ஒரு தரம் தலையைத் தூக்கினாள். தூக்கும்போதெல்லாம் இடுப்பு இறங்கியது, போகட்டும். மிதவை கண்ணில் இருந்தது, அது போதும். உடம்பு வலமாக இழுக்க இழுக்க, அடம்பிடிக்கிற மாட்டை இழுத்துப் போவது மாதிரி இடப்பக்கம் இழுத்தாள். முதல் மிதவை. இரண்டாவது மிதவை. தோள் தீயாக எரிந்தது. கரைக்குத் திரும்பும்போது படகு ஒன்று அவளோடு ஒட்டியே வந்தது. 'வேண்டாம், என்னைத் தொடாதே, இந்தத் தரம் தொட்டுவிடாதே' என்று ஒவ்வொரு மூச்சுக்கும் மனசுக்குள் கெஞ்சினாள். கால் மணலைத் தொட்டபோது ஒலிபெருக்கி அலறியது. ஐம்பத்தெட்டு நிமிஷம், நாற்பது விநாடி!

துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்த வெங்கடேசனை ஒரு நடுவர் தடுத்தார். "சார், தொடக் கூடாது. தொட்டீங்கன்னா அவங்கள வெளிய எடுத்துடுவோம்."

"தொடல சார், தொடல!" என்று துண்டைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு, தடுப்புக் கயிற்றை ஒட்டியே சைக்கிள் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே ஓடினான். "மோகனா, ஹெல்மெட்டு! மோகனா, தண்ணி குடி! மெதுவா... இல்ல இல்ல, சீக்கிரம்!"

கேப்டனும் ஏழுமலையும் நாற்பது விநாடி கழித்துத் தள்ளாடிக்கொண்டு கரையேறினார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மற்றவர்கள் திணறிய இடத்தில் மோகனா மிதித்தாள். பதினைந்தாவது கிலோமீட்டரில்தான் கேப்டன் அவளை எட்டிப் பிடித்தார்.

"தங்கச்சி, அந்த வேதாசலத்த இன்னைக்கு நான் சும்மா வுட மாட்டேன்!"

"அவர ஏண்ணே திட்டறே? கயிறு போட்டு அளந்தவரு நீதான, எடமாவும் சுத்தலாமான்னு கன்னிமாரு கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்ல!"

லோகநாதன் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

ஓட்டம்தான் கொன்றுவிட்டது. ஒன்பது மணி வெயிலில் தார் இளகியது. ஆறாவது கிலோமீட்டரில் இடது ஆடுசதை கல்லாக இறுகியது. நின்றால் போச்சு, நின்றவர்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் ஏழுமலையும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, எனக்குப் பேஜாரா பூடுச்சு. கொஞ்சம் கால நீவிக்கினு வரேன். நீ ஓடு! நிக்காத, நீ நிக்காத!" அவள் நொண்டிக்கொண்டே ஓடினாள். கண்ணிலிருந்து வழிந்தது வியர்வையா, கண்ணீரா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கடைசிக் கிலோமீட்டரில் பதினொரு நிமிஷம் மீதி. பிறகு ஆறு. பிறகு மூன்று. முடிவுக் கோட்டுக்கு மேலே நீலத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. யாரோ கைதட்டினார்கள். யாரோ பெயரைச் சொன்னார்கள். அவள் காதில் எதுவும் விழவில்லை. கோட்டைத் தாண்டினாள். தாண்டியும் ஓடிக்கொண்டே இருந்தாள்! தண்ணீர் மேஜையைத் தாண்டினாள், வரிசையாகப் போட்ட நாற்காலிகளைத் தாண்டினாள், வண்டிகள் நிறுத்தியிருந்த மைதானத்தை நோக்கி ஓடினாள். காலையில் எண் எழுதிய பெண் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"மேடம்! மேடம், நில்லுங்க!"

"இன்னும் எவ்ளோ தூரம்மா கீது?"

"தூரமே இல்ல மேடம். முடிச்சிட்டீங்க!"

மோகனா நின்றாள். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"இன்னா சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"முடிச்சிட்டீங்க மேடம். நாலு மணி நேரம், இருபத்தெட்டு நிமிஷம். முழுசா முடிச்சிட்டீங்க."

மைதானத்துக் கோடியில், லோடு ஆட்டோவின் மேல் சாய்ந்து, கடைசி நிமிஷங்களைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். தலையில் இன்னும் அந்தத் துண்டு. மோகனா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் காட்டினாள். அத்தனை வருஷம் ஊரையே கூப்பிட்ட குரல், அந்த நேரம் பார்த்து அடைத்துக்கொண்டது.

"அம்மாடி, அதோ நிக்கறாரு பாரு... என்னால கத்த முடியல. அவருக்குக் கேக்கற மாரி நீயே சொல்லு."

அந்தப் பெண் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.