சும்மா நிற்கிற வண்டி

பிக்கப்பை வாங்கியவன் குலசேகரம். ஓட்டுகிறவள் அவன் மனைவி தேவிகா. அவனுக்கு அதை ஓட்டும் உரிமை இல்லை. வாங்கிய அன்று பின்னேரம் வரை அது அவனுக்குத் தெரியாது.

ஒஸ்லோவில் எல்லாரும் மின்சாரக் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஹவுகெட்டோவில் அவர்கள் இருக்கும் மாடித்தொகுதியின் கீழே கார்கள் வயரைச் செருகிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தன. டீசல் வண்டிகள் விலை மலிந்தன. மலிந்த எதையும் குலசேகரம் விட்டதில்லை. திராமன் நகருக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரனிடம் அமெரிக்கப் பிக்கப் ஒன்றை வாங்கி வந்தான். பழையது. பின்பக்கம் இரட்டைச் சக்கரங்கள். ஏறுவதற்குப் படி. முன்னால் பனி தள்ளும் தகடு கொளுவ இரும்பு. மாரிகாலம் முழுக்கப் பனி தள்ளி உழைக்கலாம் என்பது திட்டம். திட்டத்தை அவன் வீட்டில் சொல்லவில்லை. கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹோர்ன் அடித்தான்.

தேவிகா பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டியின் மூக்கு நிறுத்தக் கோட்டைத் தாண்டி நடைபாதையில் கிடந்தது. இறங்கி வந்தாள். பின் சக்கரங்களைப் பார்த்தாள்.

"இதின்ர மொத்தப் பாரம் எவ்வளவு?"

"நாலரைத் தொன். இரும்பு. சும்மா தகரம் எண்டு நினைச்சீரோ?"

"உங்கட லைசென்ஸ் மூண்டரைக்குத்தான்."

குலசேகரம் சிரித்தான். "விசர்க்கதை கதையாதையும். இது கார் மாதிரி. கியர்கூட மாத்தத் தேவையில்லை."

"சட்டத்துக்கு இது லொறி. திராமனிலயிருந்து லொறி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். பொலிஸ் பிடிச்சிருந்தா?"

"பிடிக்கேல்லையே."

"ஆரையும் இடிச்சிருந்தா?"

"இடிக்கேல்லையே."

கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அவள் கேட்டுவரும் 'இல்லையே' அது. வண்டிச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ."

தேவிகாவுக்கு லொறி ஓட்டுவதுதான் தொழில். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வெளுத்த துணி கொண்டுபோய், அழுக்குத் துணி ஏற்றி வருகிறாள். நீர்வேலியிலிருந்து கல்யாணத்துக்காக நோர்வேக்கு வந்தவள். வந்த புதிதில் கிடைத்தது ஒரு முதியோர் இல்லத்தின் குசினி வேலை. அங்கே வருடக்கணக்காக உருளைக்கிழங்கு உரித்தாள். சன்னல் இல்லாத குசினி. தோல் நீக்கிய கிழங்கின் மணம் தலையணை வரை வந்தது. ஒரு நாள் பின்வாசலில் சாமான் லொறி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் குதித்து இறங்கினாள். பெயர் சோஃபி. அவள் கையில் கோப்பி இருந்தது. வேலை நேரத்தில் உட்கார்ந்துகொண்டு கோப்பி குடிக்கலாம் என்பது தேவிகாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

லொறி லைசென்சுக்குப் படிக்கப் போகிறேன் என்றபோதும் குலசேகரம் சிரித்தான். அவன் இளவயதில் வெங்காய லொறி ஒன்றில் கிளீனராக இருந்தவன். "பதினாறு வயசிலயே லொறி ஓட்டினவன்" என்று எல்லாருக்கும் சொல்லுவான். ஓட்டியது வெங்காயக் கிட்டங்கி முற்றத்துக்குள். தேவிகா இரண்டு தரம் தவறினாள். மூன்றாம் தரம் லைசென்சை எடுத்தாள். அவன் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். "எங்கட வீட்டில ரெண்டு லொறிக்காரர்" என்றான்.

பிக்கப்பை விற்பதாக அவன் வாக்குக் கொடுத்தான். விற்கவில்லை. பனி தள்ளும் வேலையும் நடக்கவில்லை. அவனால் ஓட்ட முடியாது. அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். வண்டி கீழே நின்றது.

தொலைபேசி அழைப்புகள் அதன்பிறகுதான் தொடங்கின.

"அண்ணை, உங்கட பிக்கப் சும்மாதானே நிக்குது?"

எல்லா அழைப்பும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒருவருக்கு ஸ்ட்ரோம்மனில் வாங்கிய சோபா. ஒருவருக்கு மகள் பெரியவளான சாமத்தியவீட்டுச் சடங்குக்கு ஆட்கள் உட்காரக் கதிரைகள். ஒருவர் வீடு மாறுகிறார். வாடகைக்கு வான் எடுக்கலாம் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. தெரிந்தவரிடம் ஒரு வண்டி சும்மா நிற்கும்போது வாடகை வான் பிடிப்பது அவரை அவமதிப்பது போலாகும். குலசேகரமும் அப்படித்தான் நினைத்தான்.

"ஓமோம். வாறம்" என்பான்.

வாறன் என்று ஒருமையில் சொல்லமாட்டான். வாறம். அந்த 'ம்' தேவிகா.

வாரம் முழுக்க அவள் லொறி ஓட்டினாள். சனிக்கிழமை பிக்கப் ஓட்டினாள். அவன் பக்கத்து இருக்கையில் முழங்கையைச் சன்னலில் வைத்துக்கொண்டு வருவான். "இடப்பக்கம் பாரும். மெதுவா. மெதுவா எண்டன்." போய்ச் சேர்ந்ததும் அவன்தான் முதலில் குதிப்பான். ஆட்கள் வந்து வண்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். அண்ணையின்ர பிக்கப் குதிரைதான் என்பார்கள். அவளைப் பார்த்து, "அக்கா, உள்ளுக்கை போங்கோ, பொம்பிளையள் எல்லாம் குசினிக்கை நிக்கினம்" என்பார்கள். சாமத்தியவீட்டுக்கு எண்பது கதிரைகளைக் கொண்டுபோய் இறக்கிய அன்று அவள் கையில் ஒரு கத்தியும் ஒரு கூடை வெங்காயமும் கொடுத்தார்கள். உரித்தாள். வெங்காயம் என்பதால் கண்ணீருக்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லவேண்டும். அவளுக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. உயரமான இருக்கை. மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிறகு மொத்தமாக இழுக்கிற எஞ்சின். துணி லொறி அப்படி இழுப்பதில்லை. தனியாக ஒருநாள் எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று நினைப்பாள். போனதில்லை. பிடித்திருந்தது என்பதே அவள் கோபத்தைக் கூட்டியது.

மகள் துஷாரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் விளங்கவில்லை.

"அம்மா, நெய் சொல்லுங்கோவன். ஒரு சொல்லு."

நோர்வேஜிய மொழியில் வேண்டாம், முடியாது என்பதற்கெல்லாம் 'நெய்' என்பார்கள். துஷாரா குழந்தையாக இருந்தபோது, பருப்பும் சோறும் குழைத்து, நெய் விடட்டோ என்று தேவிகா கேட்பாள். "நெய், நெய்" என்று குழந்தை தலையை ஆட்டும். தேவிகா இன்னும் ஒரு கரண்டி விடுவாள். அந்தக் கதையைத் துஷாரா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

"உங்களுக்கு ஆரும் நெய் எண்டாலும் விளங்காது. நீங்களும் சொல்லமாட்டியள்."

"சொன்னாக் கொப்பருக்கு மரியாதையில்லை."

"அப்பா உங்களைக் கேட்டே ஓம் எண்டவர்?"

தேவிகா எழுந்து குசினிக்குப் போனாள்.

அவளுடைய வேலையிடத்தில் ஒருவன் அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பிடிபட்டிருந்தான். தண்டம் முதலாளிக்கு. லைசென்ஸ் போனது ஓட்டியவனுக்கு. இப்போது அவன் துணி மடிக்கும் பகுதியில் நிற்கிறான். தேவிகா தினமும் காலையில் அவனைக் கடந்துதான் லொறிக்குப் போகவேண்டும். பிக்கப்பில் எதையாவது ஏற்றும்போதெல்லாம் அவன் முகம் ஞாபகம் வரும். ஐம்பது வயதில் லைசென்ஸ் போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? மறுபடியும் உருளைக்கிழங்குதான்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை குகதாசன் வந்தான். குலசேகரம் இப்போது வேலை செய்யும் ஒஸ்லோக் கிட்டங்கியில் அவனோடு வேலை செய்கிறவன். புதிதாக வீடு வாங்கியிருந்தான்.

"அக்கா, திராமனில ஒரு வெள்ளைக்காரன் முற்றத்துக் கல்லைக் கிளப்பிச் சும்மா குடுக்கிறான். நல்ல சாம்பல் கல்லு, என்ர வாசல் பாதைக்குப் போடலாம். உங்கட பிக்கப்பும் சும்மாதானே நிக்குது."

"நானும் சும்மாதானே நிக்கிறன்" என்றாள் தேவிகா.

"அதுதானே" என்றான் குகதாசன். அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

திராமனில் அந்த வீட்டின் முன் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அரைவாசிக்கு மேல் ஏற்றக்கூடாது என்று தேவிகா சொன்னாள். அதற்கு மேல் ஏற்றினால் மொத்தப் பாரம் நாலரைத் தொன்னைத் தாண்டிவிடும் என்றாள். இருவரும் தலையாட்டினார்கள். அவள் தெருமுனைப் பெற்றோல் நிலையத்துக்குக் கோப்பி வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது அடுக்கியிருந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை. பிக்கப்பின் பின்புறம் உட்கார்ந்துவிட்டிருந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது.

"இறக்குங்கோ."

"நாலு கல்லுத்தான் கூட, அக்கா."

"இறக்குங்கோ எண்டு சொல்லுறன்."

"ஒஸ்லோ மட்டும்தானே, தேவிகா" என்றான் குலசேகரம். "இந்த மழைக்குள்ளை எவன் வந்து நிறுத்தப்போறான்? வெங்காய லொறியில நாங்கள் ஏத்தாத பாரமே?"

"பிடிச்சா என்ர லைசென்ஸ்."

"பிடிக்கமாட்டாங்கள்."

அவள் இருவரையும் பார்த்தாள். மழை நீர் குலசேகரத்தின் தொப்பியிலிருந்து சொட்டியது. அவன் முகத்தில் பயமே இல்லை. போவது அவனுடைய லைசென்ஸ் இல்லை. அவள் ஏறி எஞ்சினை முடுக்கினாள்.

"அக்கா நல்லவ" என்றான் குகதாசன். மூவரும் முன்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் கையில் இலேசாகக் கிடந்தது. முன் சக்கரம் வீதியைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவள் வலது ஓரத்தை விட்டு விலகாமல் மெதுவாகப் போனாள். பின்னால் வந்தவர்கள் லைட் அடித்தார்கள். ஆண்கள் கிட்டங்கி மேலாளரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். சிறிது தூரத்தில் வீதி ஓரம் ஒரு எடைத்தட்டு இருக்கிறது. லொறிகளை மறித்துப் பாரம் பார்க்கும் இடம். அதிகாரிகள் இல்லாத வேளையில் யாரும் தாமாக ஏற்றிப் பார்க்கலாம். எண் பலகையில் தெரியும். தேவிகா சிக்னல் போட்டாள்.

"எங்க போறீர்?" என்றான் குலசேகரம்.

அவள் எடைத்தட்டில் ஏற்றி நிறுத்தினாள். ஆள் நடமாட்டம் இல்லை. பலகையில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"வாசியுங்கோ."

குலசேகரம் வாசிக்கவில்லை. குகதாசன் வாசித்தான். ஐயாயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல்.

"எவ்வளவு போகலாம்?"

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றான் குகதாசன் சின்னக் குரலில்.

"இறங்குங்கோ ரெண்டு பேரும்."

இறங்கினார்கள். எண் குறைந்தது. குலசேகரத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே, குறைஞ்சிட்டுது!"

"உங்கட பாரம் குறைஞ்சிருக்கு. இனிக் கல்லை இறக்குங்கோ."

"இஞ்சையோ? ஆரும் பாத்தா?"

"பாக்கட்டும்."

அவள் சன்னலை ஏற்றிவிட்டு ஹீற்றரைப் போட்டாள். கோப்பியைக் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. வெளியே இருவரும் தட்டுக்கு அப்பால் புல் ஓரத்தில் கல்லை அடுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் குலசேகரம் நிமிர்ந்து பலகையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் சன்னலை ஒரு விரல் அளவுக்கு இறக்குவாள்.

"இன்னும்."

ஏற்றுவாள்.

நெடுநேரம் சென்றது. மழை பனி கலந்து கொட்டியது. குலசேகரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு இரக்கம் வரும் என்று தானே எதிர்பார்த்தாள். வரவில்லை. கடைசியில் எண் நாலாயிரத்து ஐந்நூறுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. குலசேகரம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். படியில் ஒரு கால் வைத்தான். எண் ஏறியது.

"நீங்கள் ஏறினாக் கூடும்" என்றாள் தேவிகா.

"அதுக்கு?"

"உங்கட பாரத்துக்கு இன்னும் கல்லு இறக்கவேணும்."

"இறக்கு, குகா."

குகதாசன் அசையவில்லை. "அண்ணை, நீங்கள் ஏறினா ஒரு இருவது கல்லுப் போயிடும். பாதைக்குப் போதாமல் வரும்."

"டேய், நான் பெரிசோ கல்லுப் பெரிசோ?"

"அப்பிடியில்லை அண்ணை. பாருங்கோ, இஞ்சை இவ்வளவு கிடக்குது. விட்டிட்டுப் போனா ஆரும் ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். ஆர் காவல் நிக்கிறது? அக்கா ஒருக்காப் போட்டிட்டு வரட்டும்."

குலசேகரம் தேவிகாவைப் பார்த்தான். "போட்டிட்டு வாறீர்தானே?"

"நெய்" என்றாள்.

"என்ன?"

"நெய். குகா, கல்லு உன்ர வாசலில இறங்கும். மிச்சத்துக்கு வாடகை வான் பிடி. பிக்கப் இனி ஒருதருக்கும் ஓடாது. எனக்கு மட்டும் ஓடும்."

"இது நான் வாங்கின பிக்கப்" என்றான் குலசேகரம். குரல் உயர்ந்தது.

"எடுங்கோ பாப்பம்." அவள் திறப்பை உருவி நீட்டினாள். எஞ்சின் நின்றது. பக்கத்து வீதியின் இரைச்சல் உள்ளே வந்தது. "எடுத்து ஓட்டுங்கோ. பொலிஸ் பிடிக்கமாட்டாங்கள் எண்டுதானே சொன்னீங்கள்."

அவன் திறப்பைப் பார்த்தான். நெடுஞ்சாலையைப் பார்த்தான். கையை நீட்டவில்லை. படியிலிருந்து காலை எடுத்தான்.

கதவை அவளே எட்டிச் சாத்திவிட்டு எஞ்சினை முடுக்கினாள்.

இப்போது முன் சக்கரம் வீதியைப் பிடித்தது. மிதித்தாள். எஞ்சின் ஒரு கணம் யோசித்தது. பிறகு இழுத்தது. பல வருடமாகச் சொல்லியிருக்க வேண்டியவை எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னாள். வெங்காயத்தைச் சொன்னாள். 'இல்லையே'யைச் சொன்னாள். அருகே முந்திப்போன காரில் இருந்த ஒருவன் அவள் வாயசைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஒஸ்லோவை நெருங்கும்போது தொலைபேசி அடித்தது. தொலைபேசியின் ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது. பின்னால் லொறிகள் போகும் சத்தம்.

"தேவிகா, என்ன இது? நாங்கள் இஞ்சை சும்மா நிக்கிறம்."

நிக்கிறம். அந்த 'ம்'மில் அவள் இல்லை.

"நில்லுங்கோ" என்றாள்.