இரவல் காய்ச்சல்

தையல்காரிக்குத் தன் ஓரகத்தி மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிகிற பொறாமை. அதுவும் எதன்மேல்? ஓரகத்தி பையனுக்கு வந்த காய்ச்சலின் மேல். சிரிக்காதீர்கள், அவள் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

போன வருடம் அந்தப் பையனுக்கு விடாக் காய்ச்சல். கண் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, விரல் நுனியில் தோல் உரிந்தது. அதில் இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் வீங்கிவிட்டது. நடுவில் வந்த நோய், யாரைக் குறை சொல்ல? மாமியார் அந்த மருமகளைக் கையில் வைத்துத் தாங்கினாள்.

இப்போது தையல்காரியின் கைக்குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் வேர்த்துக்கொட்டி, மூச்சு வாங்கி, வீரிட்டு அழுதது. இதயம் பலவீனம் என்று தெரிந்ததும் அதே மாமியார், எங்கள் வம்சத்தில் இது கிடையாது, எல்லாம் பெற்றவள் வயிற்றுக் கோளாறு என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாள். எரியாதா பின்னே?

பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்தவளும் ஓரகத்திதான். ஸ்கேனில் குழந்தையின் இதயக் குழாய் தெளிவாகத் தெரியவில்லை. பிறவிக் கோளாறா, பிறகு வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும், முன்பு விடாத காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். தையல்காரி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வந்தது, கண் சிவந்தது, உடம்பு தடித்தது, தோல் உரிந்தது என்று ஓரகத்தி வீட்டுக் கதையை வெட்டித் தன் பிள்ளைக்கு அளவாகத் தைத்துவிட்டாள். ஓரகத்தியின் முகம் சுருங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை.

அப்படியானால் முதலில் அந்தக் காய்ச்சல் விட்டுப்போன வீக்கத்துக்கான மருந்தைத் தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா. இனி மாமியார் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்று தையல்காரிக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள்.

"பிறவியா இருந்தா என்ன செய்வீங்க?"

"குழாய் தப்பான எடத்துல மொளைச்சிருக்கும். ஆபரேஷன் பண்ணி சரியான எடத்துல மாத்தி வைக்கணும். தள்ளிப்போட்டா பிள்ளை தாங்காது."

தையல்காரி குனிந்து குழந்தையைப் பார்த்தாள். மடியில் குழந்தை பாலை விட்டுவிட்டு, நெற்றியெல்லாம் வேர்வையோடு அழ ஆரம்பித்தது.

"காய்ச்சலே வரலைம்மா. அது அக்கா பையனுக்கு வந்தது. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா கிழி கிழியென்று கிழித்தார். பிறகு வேறொரு ஸ்கேன் எடுத்தார்கள், பிறவிக் கோளாறேதான். ஆபரேஷன் நடந்தது. இதயம் தேறி வருகிறது, குழந்தை வளர்ந்து மற்ற பிள்ளைகள்போல ஓடி ஆடும் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

குழந்தை வேர்க்காமல், அழாமல் பால் குடித்துத் தூங்கியது. ஓரகத்தி கட்டிலருகே அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் பையனுக்கு மாத்தி வைக்க ஒண்ணுமில்ல. வீங்கினது வீங்கினதுதான். தெனம் மாத்திரை, ஓடினா பயம், விழுந்தா பயம். உன் பிள்ளையப் பாத்தா எனக்கு வயிறு எரியுது."

அந்த எரிச்சல் தையல்காரிக்குத் தெரியாதா என்ன? பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து ஓரகத்திக்கு இடம் விட்டாள்.