இரண்டாம் பாகம் வரட்டும் என்றார்

எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தபோது, என் வீட்டுக்காரர் மீசையை மழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மூன்று நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவர், வந்தது பதினோராம் நாள்.

எழுபதுகளின் கடைசி அது. அவர் போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை வரை போவார். சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து இறக்குவார். நான் ஊருக்குள் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று பிரித்துப் போடவேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். கை காயில் இருக்கும், பேச்சு சினிமாவில் இருக்கும்.

அப்போது எங்கள் பேச்சில் இருந்தது ஒரு முகமூடிக்காரன் படம். மெட்ராஸ் கம்பெனி எடுத்தது. கதாநாயகன் கறுப்பு முகமூடி மாட்டி, முதுகில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு மலைக்கு மலை தாவுவான். ஓடுகிற ரயிலைக் கையால் பிடித்து நிறுத்துவான். கடைசியில் வில்லன் அவனை அணைக்கட்டிலிருந்து தள்ளிவிட, தண்ணீரில் சிவப்புத் துணி மட்டும் மிதக்கும். ‘இரண்டாம் பாகம் விரைவில்’ என்று எழுத்து விழும். செத்தானா, பிழைத்தானா? நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் துணிதான் மிதந்தது.

அந்த இரண்டாம் பாகத்துக்குத்தான் மலையில் ஷூட்டிங் என்றார் என் வீட்டுக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் முகமூடிக்காரன் ஜீப்பை விரட்டிக்கொண்டு போக வேண்டுமாம். நிஜக் கதாநாயகனுக்கு மலையில் வண்டி ஓட்ட வராதாம். உயரமும் தோளும் பொருந்தியதால் முகமூடியை இவருக்கு மாட்டி ஓட்டச் சொன்னார்களாம்.

“மூக்குக்குக் கீழ வெளிய தெரியும்ல. அவருக்கு மீசை கெடையாது. அதான் எடுக்கச் சொல்லிட்டாங்க.”

“மூணு நாளுன்னீங்களே மாமா?”

“சினிமாக்காரங்க சோலி அப்படித்தான். மேகம் வந்தா நிப்பாட்டிருவாங்க.”

“பதினோரு நாளும் மேகமா?”

“படம் வரட்டும் புள்ள. வந்ததும் நீயே பாத்துக்க.”

அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் அவருடைய மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாரோ வந்து என் வீட்டில் சாப்பிடுவதுபோல் இருந்தது.

கடையில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் எனக்கு மதினி முறை. அவருடைய தம்பி பூப்பாறைத் தோட்டத்தில் கங்காணி. ஒரு வாரம் கழித்து மதினி என் காதருகே குனிந்தார்.

“சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பூப்பாறையில குடை பிடிச்ச ஒரு பொம்பளகிட்ட ஒன் வீட்டுக்காரரு தெனமும் நின்னு பேசிட்டு இருந்தாராம். கட்டியிருந்தது நல்ல சேலையாம். தம்பி பாத்துருக்கான்.”

“ஷூட்டிங்குக்கு வந்தவளா இருக்கும் மதினி.”

“இருக்கும், இருக்கும். மீசையை எடுக்கச் சொன்னதும் அவளாத்தான் இருக்கும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, போடிமெட்டுக்கு பஸ் ஏறினேன். அங்கே டீக்கடை வைத்திருந்தவர் மலையாளத்துக்காரர்.

“ஷூட்டிங் நடந்ததுதான் சேச்சி. ரோட்டை அடைச்சுப் போட்டு எடுத்தாங்க. முகமூடி போட்டு மூணு பேரு நின்னாங்க.”

“அதுல ஒருத்தரு போடி ஜீப் டிரைவரா?”

அவர் சிரித்தார். “முகத்தைக் கண்டாத்தானே ஆளு யாருன்னு பறைய முடியும்?”

இனி அந்தப் படம் வந்தால்தான் உண்டு என்று இறங்கி வந்தேன்.

படம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ‘விரைவில்’ என்று ஒட்டிய போஸ்டர் மழையில் கிழிந்து, அதன் மேல் வேறு படத்தின் போஸ்டர் ஏறியது. சலூனில் கிடக்கும் சினிமாப் பத்திரிகைகளைப் படித்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கதாநாயகனுக்கும் இயக்குநருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றார்கள். கதாநாயகனுக்குத் தொந்தி போட்டுவிட்டது, உடுப்பு ஏறவில்லை என்றார்கள். எடுத்த பிலிம் முழுக்க எரிந்துபோயிற்று என்று ஒருநாள் மதினி சொன்னபோது, எனக்கு என் வீட்டுக்காரர் மேல்தான் சந்தேகம் வந்தது, ஏதோ அவரே போய்த் தீ வைத்ததுபோல.

ஒவ்வொரு வதந்தியையும் வீட்டில் சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பேன். பொய் சொன்ன ஆளாக இருந்தால் படம் நின்றுபோனதில் நிம்மதிதானே வரவேண்டும்? அவருக்கு முகம் வாடிப்போகும். “யாரு சொன்னா? எந்தப் பத்திரிகையில?” என்று துருவுவார். வாடுவதும் நடிப்போ என்று படுக்கையில் புரண்டு யோசிப்பேன். இதற்கிடையில் மீசை வளர்ந்தது. மகள் பிறந்தாள், நடந்தாள், பால்வாடிக்குப் போனாள். நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். ஆனாலும் அவர் திரும்பிவரத் தாமதமாகும் நாளெல்லாம் என் மனதில் ஒரு குடை விரியும்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒருநாள் மதினி மூச்சிரைக்க வந்தார். “ஏத்தா, ரெண்டாம் பாகம் தேனியில ஓடுதாம். இங்கயும் படப்பெட்டி வந்து எறங்கிருச்சு!”

அன்று வீட்டில், “ஞாயித்துக்கெழம மேட்னிக்குப் போவமா?” என்றேன்.

“நான் வரல. எனக்கு லோடு இருக்கு.”

“ஞாயித்துக்கெழம என்ன லோடு?”

ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். சரி, குட்டு வெளிப்படப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அணையிலிருந்து விழுந்தவனை ஒரு மீனவப் பெண் காப்பாற்றியதாகக் காட்டினார்கள். நான் நம்பவில்லை. கதாநாயகனின் தாடை ஒரு காட்சியில் ஒட்டியும் அடுத்த காட்சியில் உப்பியும் இருந்தது, விட்டுவிட்டு எடுத்திருக்கிறார்கள். இடைவேளை முடிந்து சற்று நேரத்தில் மலை வந்தது. போடிமெட்டு ரோடு. வளைவுகளில் ஒரு ஜீப் ஏறியது. ஓட்டுகிறவன் முகத்தில் முகமூடி.

எங்கள் ஜீப்பில் நான் பலமுறை பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். வளைவு வருவதற்கு முன்பே தலையை வெளியே நீட்டி மேல் ரோட்டைப் பார்ப்பார். அப்போது இடது தோள் காதுவரை ஏறும். திரையில் அந்தத் தோள் ஏறியது. அடுத்த வளைவிலும் ஏறியது. கொட்டகை முழுக்க விசில். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. எல்லா வளைவிலும் ஜீப்பின் நிழல் ஒரே நீளத்துக்குத்தான் விழுந்தது. ஒரே காலைப் பொழுதில் எடுத்து முடித்திருக்கிறார்கள். அப்படியானால் மிச்ச பத்து நாள்?

வீட்டுக்குப் போனபோது அவர் வாசலில் டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். லோடும் இல்லை, ஒன்றும் இல்லை.

“படம் பாத்துட்டேன். நீங்கதான் ஓட்டுனது.”

“தெரிஞ்சுச்சா?” முகம் மலர்ந்துவிட்டது.

“தோளு தெரிஞ்சுச்சு. ஆனா அது ஒருநாள் சோலி மாமா. மிச்ச பத்து நாளு எங்க இருந்தீங்க? பூப்பாறையில குடை பிடிச்ச பொம்பள யாரு?”

அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“அது கம்பெனி பொம்பள. உடுப்பெல்லாம் அதுகிட்டதான் இருக்கும்,” என்றார். “மொத நாளே ஓட்டி முடிச்சாச்சு. முகமூடியக் கழட்டுனதும் டைரக்டரு என்னப் பாத்துட்டு, ‘முகம் நல்லா இருக்கே, ஒரு சீன்ல நிக்க வைப்போம்’னு சொன்னாரு. அதை நம்பி நின்னேன். தெனமும் அந்தம்மாட்டப் போய், இன்னைக்குக் கூப்புடுவாங்களான்னு கேப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லும். ஜீப்புலயே படுத்துக்கிட்டேன். பத்தாம் நாளு எல்லாத்தையும் கட்டிக்கிட்டுப் பொறப்பட்டுட்டாங்க. போறப்ப டைரக்டரு, ‘மூணாம் பாகத்துல பாக்கலாம்’னாரு.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு சொல்ல? முகத்தைக் காட்டப் பிச்சைக்காரனாட்டம் நின்னேன்னா? நீ பொம்பள சோலின்னு நெனைக்கிறது எனக்குத் தெரியும் புள்ள. பிச்சைக்காரனாத் தெரியுறதுக்கு அது பரவால்லன்னு விட்டுட்டேன்.”

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடம் நான் பட்ட பாடு அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். வாசல்படியில் நின்று, “அப்ப ஏன் படத்துக்கு வரமாட்டேன்னீங்க?” என்று கேட்டேன்.

“தேனியில மொத நாளே பாத்துட்டேன். ஒருவேளை எங்கயாச்சும் முகம் வந்துருக்குமான்னு.”

மறுநாள் கடையில் மதினி முழுக் கதையையும் கேட்டார். “நம்புறியா?” என்றார். நம்புகிறேன் என்றேன். முக்கால்வாசி நம்பினேன் என்பதே உண்மை.

இந்தப் படத்தின் முடிவிலும் ‘மூன்றாம் பாகம் விரைவில்’ என்று எழுத்து விழுந்திருந்தது. அது எடுக்கப்படவே இல்லை. கம்பெனி கைமாறியது என்றார்கள். கதாநாயகன் அப்பா வேடத்துக்குப் போய்விட்டார். பல வருடம் கழித்து, மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்து குரங்கணிப் பக்கம் இடம் பார்க்கிறார்கள், முகமூடிக்காரன் திரும்ப வரப்போகிறானாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. பேச்சோடு நின்றும்போனது. ஆனால் அந்த வாரம் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு போட்டோ இருந்தது. கடைவீதி ஸ்டுடியோவில் எடுத்தது. தலையைப் படிய வாரி, சற்றே பக்கவாட்டில் திரும்பி, கன்னத்தில் விரலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“லைசென்சுக்கு,” என்றார்.

கன்னத்தில் கை வைத்த போட்டோவை எந்த ஆபீசில் லைசென்சுக்கு வாங்குவார்கள் என்று நான் கேட்கவில்லை. சோப்புத் தண்ணீர் படாமல் அதை எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரித் தட்டில் வைத்தேன்.