மாபேலேயின் வில் தராசு

நொவெத்து பேலே குலத்தில் பிறந்தவள். மணமாகி வந்த ஊரில் எல்லாருக்கும் மாபேலே. தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்கை மலைச்சரிவில், கம்பளிக் கொட்டகையில் ஆட்டுரோமம் நிறுப்பது அவள் வேலை. பள்ளியில் இயற்பியலை ஆசையாகப் படித்தவள். கணவனைச் சுரங்கத் தூசி தின்ற பிறகு மூன்று பிள்ளைகள், பதினோரு ஆடுகள், இரண்டு கழுதைகள் எல்லாம் அவள் தலையில்தான்.

தினமும் ஊற்றிலிருந்து இரண்டு ட்ரம் தண்ணீர் மேலேறி வரவேண்டும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆடுகளுக்கு. கவைக்கட்டையில் பலகை அடித்த, சக்கரமில்லாத இழுவையில் ட்ரம்மை வைத்துக் கழுதைகள் தரையோடு இழுக்கும்.

அந்த இழுவைக்குத்தான் தலைவர் ஸ்வெலிபான்ஸி கூட்டத்தில் தடை சொன்னார்.

"இழுவைக் கட்டை மண்ணைக் கீறுது. மழை வந்தா கீறல் பள்ளமாகுது. இனிமே இழுவைக்காரங்க குன்றைச் சுத்திப் போகணும்."

சக்கர வண்டி உள்ளவர்கள் நேர்வழியிலேயே போகலாமாம். சக்கரம் வாங்க வக்கற்றவர்களுக்கு மட்டும் ஒரு சட்டம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் ஓரமாய்ப் புல்லில் உட்காரலாம். வாய் திறக்கக் கூடாது. மாபேலே எழுந்தாள்.

"சுத்துவழி ரெட்டிப்புத் தூரம், பாவோ," என்றாள், தலைவரை ஐயா என்று விளித்து. "என் கழுதைங்க ரெண்டாவது நடை வராது. ஆடுங்க தண்ணியில்லாமச் சாகும்."

வண்டிக்காரன் ம்ஸிமாசி, அவள் கணவனின் பங்காளி, சிரித்தான். "நடக்கப்போறது கழுதை. உனக்கு ஏன் வலிக்குது?"

"அதுக்குப் பேச்சு வந்தா அதுவே வந்திருக்கும், பூத்தி," என்றாள், அண்ணன் முறை வைத்து. "ஆண் கழுதைன்னா நீங்க பேசவும் விட்டிருப்பீங்க."

தலைவரே சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"குன்றோட உயரம் மாறாது," என்றாள் மாபேலே. "மேல ஏத்துற பாடு எந்த வழியில போனாலும் ஒண்ணுதான். ஆனா தரை உரசிப் பிடிச்சு இழுக்குது பாருங்க, அது ஒவ்வொரு அடிக்கும் நம்மளைக் கறக்கும். நான் சொல்றதை நம்ப வேணாம். நீங்களே இழுங்க. ரோமம் நிறுக்கிற வில் தராசைக் கயிறு நடுவுல மாட்டுறேன். முள்ளு சொல்லட்டும்."

மறுநாள் காலை ட்ரம் ஏற்றிய இழுவையின் கயிற்றை நான்கு ஆண்கள் பிடித்தார்கள். நேர்வழியில் முள் எண்பத்து நாலு கிலோவில் நின்றது. சுற்றுவழியில் சரிவு குறைவு என்பதால் எழுபத்தேழு வரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். முள் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. தராசைத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"என்ன மாபேலே, முள்ளுக்குக் காய்ச்சலா?" என்றான் ம்ஸிமாசி.

இழுக்கும் பலம் பாதிக்கும் கீழே போயிருந்தது, தூரமோ இரட்டிப்புதான். இரண்டையும் பெருக்கினால் சுற்றுவழியில்தான் பாடு குறைவு. தராசு கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"தப்பு என்னோடதுதான்," என்றாள். "இங்க புல்லு பனியில நனைஞ்சு கிடக்கு, கட்டை வழுக்குது. கட்டாந்தரையோட உராய்வையே இதுக்கும் போட்டுட்டேன். அளக்காமச் சொன்னது தப்பு. இந்த வழியிலயே போறேன்."

சண்டைக்குத் தயாராக நின்றவர்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"ஆனா குளிர்காலத்துல ஆடுங்க இந்தப் புல்லை வேரோட மேய்ஞ்சிடும். அப்ப இதே தராசை மாட்டி மறுபடி நீங்க இழுக்கணும். என் கணக்கு சரியா வந்தா, புல்லு முளைக்கிற வரைக்கும் எங்க தண்ணி உங்க வண்டியில வரணும்."

தலைவர் தாடையைச் சொறிந்தார். "இன்னிக்கு முள்ளு உனக்கு எதிரா சொன்னதை நீ ஒத்துக்கிட்ட. அன்னிக்கு எங்களுக்கு எதிரா சொன்னா நாங்க ஒத்துக்கணும். அதானே?"

"அவ்வளவுதான், பாவோ."

ஜூலையில், அங்கே அது நடுக்குளிர்காலம், அந்தப் பாதை வெறும் புழுதியாகக் கிடந்தது. முள் எழுபதுக்கு மேல் ஏறி அங்கேயே நின்றது. பாதி தூரத்தில் ம்ஸிமாசி கயிற்றைப் போட்டுவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தான். மாபேலே அவனுக்கு ஒரு குவளை மகேவு கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை.

"இன்னும் பாதி இருக்கு, பூத்தி."

"தெரியுது. நாளைக்கு வண்டியைக் கட்டுறேன்."

மறுநாள் அவன் வண்டி ஊற்றடியில் நின்றது. மாபேலே தன் இரண்டு ட்ரம்களையும் ஏற்றினாள். பிறகு அவற்றை ஓரமாக நகர்த்தி, இழுவை வைத்திருந்த மற்ற வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டாள்.