சித்தியின் அணி வென்ற வருடம்

அம்மாவின் தங்கை அமெரிக்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. விடுமுறைக்கு வந்திருப்பதாகச் சொன்னார்கள். பெப்ரவரியில், மழையும் குளிருமாகக் கிடக்கும் எங்கள் ஐரோப்பிய நகரத்தின் லா சப்பல் பகுதிக்கு யாராவது விடுமுறைக்கு வருவார்களா என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை. சித்தி என் கட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வசந்தம் வந்ததும் சித்தியிடம் ஒரு புதுப் பழக்கத்தைக் கண்டேன். காலையில் கண் விழித்ததும் போனை எடுப்பார். ஆனால் உடனே பார்க்க மாட்டார். அதை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சற்று நேரம் சுவரையே பார்த்திருப்பார். பிறகு மெல்லத் திருப்புவார். அவர் வாழ்ந்த நகரத்தின் பேஸ்போல் அணி இரவில் விளையாடிய ஆட்டத்தின் முடிவு அதில் இருக்கும். அங்கே ஆட்டம் முடிய இங்கே எங்களுக்கு விடிந்துவிடும்.

"வெண்டிட்டாங்களோ சித்தி?"

"ஓம் குஞ்சு, வெண்டிட்டாங்கள்."

அப்போதுதான் அவர் மூச்சை விடுவார். இப்படியும் ஒரு ரசிகையா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

முந்தைய வருடம் அந்த அணி தோற்றுத் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போயிருந்தது. பாதி மைதானம் காலியாகவே கிடந்ததாம். இந்த வருடம் பயிற்சியாளர் மாறியிருந்தார், பந்து எறிகிற புதுப் பையன் ஒருவன் வந்திருந்தான், தோற்ற அணி எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தது. நானும் அதன் ஆளாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பகலில் நடக்கும் ஆட்டம் எங்கள் மாலையில் வரும். அப்பா உணவகத்துச் சமையலறையிலிருந்து களைத்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே மடிக்கணினியை எட்டிப் பார்ப்பார்.

"உது ஊரில நாங்கள் பொல்லால பந்தை அடிச்சு ஓடுற எல்லேதானே? தொப்பியும் கையுறையும் போட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்காருவார். சற்று நேரத்தில் "ஓடடா, ஓடு!" என்று கத்துவார். வெளியே பாலத்தில் போகும் மெற்றோவின் இரைச்சலையும் அவர் குரல் மீறும். அம்மா மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆட்டத்தின் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டுவார். அம்மாவுக்கு விளையாட்டு பிடிக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

கோடையில் அணி தொடர்ந்து வெல்லத் தொடங்கியதும் அமெரிக்காவிலேயே தங்கியிருந்த சித்தப்பாவின் தொலைபேசி அழைப்புகளும் தொடங்கின. வென்ற நாட்களில்தான் அழைப்பார். குரலில் அவ்வளவு கனிவு. எனக்கு அந்த அணியின் சட்டை ஒன்று அனுப்புவதாகச் சொன்னார். இப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டுச் சித்தி ஏன் எங்கள் குறுகிய வீட்டில் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

இலையுதிர் காலத்தில் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அன்று மாலை நாங்கள் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் அழைப்பு வந்தது. சித்தியின் வலது கையில் குழம்பு ஒட்டியிருந்ததால் நானே போனைத் தொட்டு ஒலியைக் கூட்டிவிட்டேன்.

"ரீம் மாறியிட்டுது, பாத்தனீரே? நானும் மாறியிட்டன். ரிக்கெற் எடுத்திட்டன். முதல் ஆட்டத்துக்கு நீர் எனக்குப் பக்கத்தில இருக்கவேணும்."

நான் துள்ளி எழுந்தேன். "போங்கோ சித்தி! போங்கோ!"

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். சித்தி போனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தோத்தால்?"

மறுமுனை சிரித்தது. "இந்த ரீம் இனி எங்க தோக்கிறது!"

"நான் ரீமைக் கேக்கேல்லை."

சிரிப்பு நின்றது. அவர் ஏதோ சொல்லத் தொடங்குமுன் சித்தி இடது கையால் அழைப்பைத் துண்டித்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீர் இஞ்சையே இரும் தங்கச்சி. இது உம்மட வீடு" என்றார். அம்மா இன்னொரு பிடி புட்டைச் சித்தியின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். நான் மட்டும், கிடைக்கவிருந்த சட்டை போய்விட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் அவர்கள் வீட்டில் அணி தோற்ற நாட்களில் சித்தப்பா சித்தி மேல் கை நீட்டுவார் என்பதையும், கடைசி இடத்துக்குப் போன அந்த வருடம் சித்திக்கு எப்படிப்பட்ட வருடம் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். சித்திக்குப் பந்து விளையாட்டில் ஒருநாளும் ஆசை இருந்ததில்லையாம். வீட்டுக்குள் என்ன வரப்போகிறது என்று அறிவதற்காகவே முடிவைப் பார்க்கப் பழகியவர், கடல் கடந்து வந்த பிறகும் அதை விட முடியாமல் இருந்திருக்கிறார்.

இறுதிச் சுற்றில் அணி அதிக தூரம் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை சித்திக்கு முன் நான் எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. அழுதுகொண்டே சித்தியை உலுக்கினேன்.

"சித்தி, தோத்திட்டாங்கள்!"

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்பிடியே?" என்றார். "இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே. இன்னும் கொஞ்சம் படு குஞ்சு."

போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். சிறிது நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. அணி தோற்றதும் கைவிட்டுவிடுகிற இவரெல்லாம் ஒரு ரசிகையா என்று எனக்குக் கோபம் பொங்கியது. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவே இல்லை.